வெள்ளை கட்டிய வேட்பாளர்

பத்து வயதில் எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியும். பஸ்ஸில் யாராவது வெளியூர்க்காரர் 'வாட் இஸ் யுவர் நேம்' என்று கேட்டால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அதே ஆள் 'ஸ்கூல்' என்ற சொல்லின் பூர்வீகத்தைக் கேட்டிருந்தால், அது கிரேக்கர்களிடமிருந்து வந்தது, அவர்கள் அகராதியில் அதற்கு ஓய்வு என்று பொருள், இது எங்கள் கணக்கு டீச்சருக்குத் தெரியாது என்று மூச்சுவிடாமல் சொல்லியிருப்பேன். ஆனால் ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்தக் கோணல் படிப்புக்குக் காரணம் அத்தையின் தடித்த அகராதி. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. இருபத்தாறு வயதில் கணவரை இழந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அவள் கணவர் இங்கிலீஷ் வாத்தியார். எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேச நேர்ந்தால் வாத்தியார் என்றுதான் சொல்வார்கள், பெரும்பாலும் பேசமாட்டார்கள். அந்த வாத்தியார் அகராதியை வாசித்ததோடு நிற்காமல், பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தார். நான் படித்ததெல்லாம் அந்தப் பென்சில் எழுத்தைத்தான். நடுவில் அச்சாகியிருந்த இங்கிலீஷை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அகராதி டிரங்குப் பெட்டியில் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியைத் திறந்து எடுப்பேன், விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்ப வைப்பேன். வைக்கும் இடம்கூட மாறக்கூடாது. அடியில் நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கும், அதன்மேல்தான் வைக்க வேண்டும். புத்தகத்தில் ஈரம் ஏறாமலிருக்க அத்தை செய்த ஏற்பாடு அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை எப்போதும் வெள்ளைப் புடவைதான் கட்டுவாள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ் எங்கள் ஊரில் நிற்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால், சைக்கிள் கடைக்குப் பக்கத்துத் தெருவில் வெள்ளையாக ஏதாவது அசைந்தால் அது அத்தை அல்லது கொக்கு. தினமும் காலை எட்டு மணிக்கு அப்பா செங்கல்பட்டு ஆபீசுக்குக் கிளம்பும்போது அவள் விறுவிறுவென்று புழக்கடைக்குப் போய்விடுவாள். சைக்கிள் ஸ்டாண்டு விடுபடும் சத்தம், கேட் தாழ்ப்பாள் சத்தம் இரண்டையும் கேட்ட பிறகுதான் முன்பக்கம் வருவாள். அக்காவும் தம்பியும் சின்ன வயதில் ஆடிய கண்ணாமூச்சியை விட முடியாமல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அதை அம்மாவிடம் சொன்னேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. பெண்களுக்கென்று வார்டுகளை ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் வார்டு அதில் ஒன்று. தெருமுனை அடிபம்பு உடைந்து இரண்டு வருடமாகியிருந்தது. தெருப் பெண்கள் அரிசி மில்லுக்குப் பின்னால் ஓடும் மோட்டாரில் தண்ணீர் பிடித்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகச் சுமந்து வருவார்கள். மில்காரருக்கு மனம் இருந்தால் மோட்டார் ஓடும். அந்த மில்காரர்தான் இப்போது தன் மனைவியை நிறுத்தியிருந்தார். சுவரில் ஒட்டிய நோட்டீசில் அவர் முகம் தாம்பாளம் அளவுக்கும், பட்டு கட்டிய மனைவியின் முகம் எலுமிச்சம்பழம் அளவுக்கும் இருந்தது.

தெருவுக்கே மனு எழுதிக் கொடுப்பவள் அத்தை. முதியோர் பணத்துக்கு, ரேஷன் கார்டுக்கு, உடைந்த பம்புக்கு என்று அவள் எழுதாத மனு இல்லை. ஒருநாள் பால்காரம்மா எங்கள் வீட்டு வாசலில் கேனை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"யக்கா, பம்புக்கு நீ எழுதின மனுவ அடுக்கினாலே பம்பு ஒசரத்துக்கு வரும். பேசாம நீயே நின்னுடு."

அத்தை சிரித்தாள். மறுநாள் எட்டுப் பெண்கள் வந்து சொன்னார்கள். அதற்கு மறுநாள் அப்பா, "நில்லேன்க்கா" என்று மட்டும் சொன்னார். அத்தை நாமினேஷன் போட்டாள்.

இந்த இடத்தில் மாமாவைச் சொல்லியாக வேண்டும். மாமா, அம்மாவின் தம்பி. மாமல்லபுரத்தில் கைடு வேலை. ஐந்து மொழிகளில் மொழிக்கு ஐந்து வாக்கியம் தெரியும். அந்த இருபத்தைந்து வாக்கியத்தை வைத்து உலகத்தையே சமாளித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலேயே தேர்தல் வேலை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். நாமினேஷன் போட்ட நிமிடத்திலிருந்து அத்தையை 'யக்கா' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"கேண்டிடேட் டீ குடிச்சாச்சா? கேண்டிடேட் செருப்பு எங்க கீது?"

முதல் நாள் ஓட்டுக் கேட்கக் காலையிலேயே கிளம்பினோம். முன்னால் மாமா, நடுவில் அத்தை, பின்னால் அம்மாவும் நானும். முதல் வீட்டில் டிபன் கேரியரோடு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் ஒரு கம்பெனிக்காரர். அத்தையைப் பார்த்ததும், "இன்னாக்கா, நல்லாக்கிறியா?" என்று நன்றாகத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி உள்ளே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். பிறகு எழுந்து, எங்களைப் பார்க்காமல் பக்கத்துச் சந்து வழியாகப் போய்விட்டார். அடுத்த வீட்டுக் கொத்தனாரும் உள்ளே போனார், உட்கார்ந்தார், குடித்தார். மூன்றாவது வீட்டில் ஒரு பையன் வேலை இன்டர்வியூவுக்குப் புறப்பட்டு நின்றான். அவன் அம்மா அவனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

வெள்ளைப் புடவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை. உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அத்தையைப் பார்த்தால் ஏன் எல்லோருக்கும் தாகம் எடுக்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"போதும் தம்பி, வூட்டுக்குப் போலாம்" என்றாள் அத்தை.

வீட்டுக்கு வந்ததும் இடுப்பு வலிக்கிறது, நாளை மறுநாள் வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்றாள். மாமா குதித்தார். அம்மா அவரை அடக்கினாள். அப்பா ஆபீசிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டு, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை ஒரு முறம் அரிசியை மடியில் வைத்து, இல்லாத கல்லைப் பொறுக்கினாள். அத்தை வாபஸ் வாங்கினால் பம்பு வராது என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. துக்கமாக இருந்தது. துக்கம் வந்தால் நான் அகராதியை எடுப்பேன். மாமா நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அந்த 'கேண்டிடேட்' என்னதான் என்று ஓரக் குறிப்புகளில் பக்கம் பக்கமாகத் தேடினேன்.

ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "கேண்டிடாதுஸ், லத்தீன். வெள்ளை உடுத்தியவர் என்று பொருள். ரோமாபுரியில் பதவிக்கு நின்றவர்கள் வெள்ளை உடுத்தித்தான் தெருவுக்கு வந்து ஆதரவு கேட்டார்கள்."

நான் போட்ட கூச்சலில் அப்பாவின் பேப்பர் கீழே விழுந்தது. முறத்துக்கு எதிரே போய் நின்று, பள்ளியில் கொடி ஏற்றும் நாளில் உறுதிமொழி வாசிக்கிற குரலில் அதை இரண்டு தரம் வாசித்தேன்.

"ரோமாபுரி எங்கடி கீது?" என்றாள் அம்மா.

"இத்தாலில" என்றார் மாமா. "அப்ப இன்னா அர்த்தம்? பட்டு கட்டினவங்கல்லாம் கேண்டிடேட்டே கிடையாது. இந்த வார்டுல ஒரே கேண்டிடேட் நம்ம கேண்டிடேட்தான்!"

அத்தை புத்தகத்தைக் கேட்டாள். முறத்தைத் தள்ளிவிட்டு மடியில் வாங்கிக்கொண்டாள். அந்தப் பென்சில் வரிமேல் விரலை வைத்து மெல்ல ஓட்டினாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

"இத எப்ப எழுதினாரு..." என்றாள்.

"அது முக்கியமில்ல அத்தை. இன்னா எழுதிக்கீதுன்னு பாரு" என்று நான் அவசரப்படுத்தினேன்.

அத்தையின் கண் நிறைந்துவிட்டது. ரோமாபுரியின் பெருமை அவளை அப்படி உலுக்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி அகராதியைத் திரும்பப் பெட்டியில் வைக்க அவள் விடவில்லை. பாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. மாமா என்னையும் அகராதியையும் சைக்கிளில் வைத்து மாமல்லபுரம் கொண்டுபோனார். ஒரு இத்தாலிக்காரர் அங்கே தங்கியிருந்தார். அவரிடம் நேரடியாகவே கேட்டுவிடலாம் என்பது திட்டம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சிவந்த ஒரு கிழவர். மாமா தன் இருபத்தைந்து வாக்கியத்தில் எதுவும் பொருந்தாமல் புதிதாக ஒன்று செய்தார்.

"சார். ரோம். எலெக்ஷன். ஒயிட் டிரஸ். எஸ் ஆர் நோ?"

கிழவர் விழித்தார். நான் அகராதியை விரித்து, பென்சில் குறிப்புக்கு நேரே அச்சாகியிருந்த சொல்லைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. "கேண்டிடாதுஸ்!" என்று கையைத் தூக்கினார். அதோடு விடவில்லை. கையில் எதையோ பிடித்திருப்பதுபோல் வைத்துக்கொண்டு தன் சட்டையில் மேலும் கீழும் தேய்த்துக் காட்டினார். மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

"சாக்பீஸு தேய்ச்சி இன்னும் வெள்ளையாக்குவாங்களாம் பாப்பா! இன்னா ஊருடா அது!"

திரும்பி வரும் வழியில் மாமா ஒரு டீக்கடை விடாமல் நிறுத்தி நிறுத்தி இதைச் சொன்னார். ஒவ்வொரு கடையிலும் ரோமாபுரிச் சட்டம் கொஞ்சம் கடுமையானது. எங்கள் ஊர்க் கடைக்கு வந்தபோது, வெள்ளை கட்டாமல் ஓட்டுக் கேட்டவனை ராஜா கடலில் தூக்கிப் போட்டுவிட்டதாக ஆகியிருந்தது. சாயங்காலத்துக்குள் சேதி மில்லுக்குப் போய்விட்டது. மில்காரர் அப்படி ஒரு ரூல் இருக்கிறதா என்று பஞ்சாயத்து ஆபீசில் விசாரித்ததாகவும், எதற்கும் இருக்கட்டும் என்று மனைவியை ஒரு நாளைக்கு வெள்ளைப் புடவை கட்டச் சொன்னதாகவும், அவர் அம்மா தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டதாகவும் பால்காரம்மா வந்து சொன்னாள்.

"எம்புள்ள குத்துக்கல்லாட்டம் கீறப்ப நீ வெள்ளை கட்டறியா? ரோமாபுரியாம் ரோமாபுரி!"

அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாபஸ் வாங்கும் நாள் வந்தது. காலையில் அத்தை துணி துவைத்தாள், மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், சாயங்காலம் தலை வாரிக்கொண்டாள். வாபஸ் வாங்கப் போகவில்லை. சின்னமாகச் சீப்பு கிடைத்தது.

மறுநாள் பத்து மணிக்கு மேல், ஆம்பளைகள் எல்லாம் வேலைக்குப் போன பிறகு போகலாம் என்றார் மாமா. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏன், அவங்களுக்கு ஓட்டு இல்லியா?"

ஏழரைக்கே கிளம்பிவிட்டாள். நீலம் போட்டுக் கஞ்சியில் மொடமொடத்த வெள்ளைப் புடவை. இந்த முறை அவள் முன்னால், பக்கத்தில் அகராதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான். நேராக அதே முதல் வீட்டு வாசல். அதே கம்பெனிக்காரர், அதே டிபன் கேரியர். எங்களைப் பார்த்தார், சிரித்தார், திரும்பினார். உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து சொம்பைத் தூக்கினார். அத்தை வாசலிலேயே நின்று, தெரு முழுக்கக் கேட்கும் குரலில் பேசினாள்.

"குடி அண்ணாத்த, நல்லா குடி. ஆனா ஒண்ணு கேட்டுக்க. அந்தச் சொம்புத் தண்ணிய மில்லாண்டேர்ந்து உம் பொண்டாட்டி சுமந்துகினு வந்தா. தெருமுனைல பம்பு வந்துடட்டும், என்னைப் பாத்துட்டு நீ பத்து சொம்புகூட குடி, நான் வேணாங்கல. அதுக்குத்தான் நிக்கிறேன்."

சொம்பு அவர் வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து முதலில் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது, பிறகு அவர் மனைவி வந்தாள். சொம்பை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"கீழ எறங்கிப் போய்யா வேலைக்கு. இடுப்பு ஒடிய நான் கொண்டாந்தது, சகுனத்துக்கு ஊத்தறதுக்கா? யக்கா, என் ஓட்டு உனக்குத்தான்."

அவர் அசட்டுச் சிரிப்போடு, அத்தையின் எதிரிலேயே படியிறங்கிப் போனார். அவருக்கு அன்று எந்தக் கெடுதலும் வரவில்லை. சாயங்காலம் வந்து அவரே அதை எங்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் கொத்தனார் வீட்டுக்குப் போவதற்குள் சேதி முந்திக்கொண்டது. கொத்தனார் மனைவி குடத்துக்கு முன்னால் காவல் மாதிரி நின்றிருந்தாள். அதற்கடுத்த வீடுகளில் பெண்கள் சொம்பை ஒளித்துவைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். பிள்ளைகள் "குடி அண்ணாத்த குடி" என்று கத்திக்கொண்டு எங்கள் பின்னால் ஓடிவந்தார்கள். நான் போகிற வீட்டிலெல்லாம் அகராதியை விரித்து ரோமாபுரியை வாசித்தேன். ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

மில்காரர் கடைசியில் தானே வெள்ளை வேட்டி சட்டையில் பவுடர் பூசிக்கொண்டு, பட்டுப்புடவை மனைவியைப் பத்தடி பின்னால் நடக்கவிட்டு ஓட்டுக் கேட்டார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அம்மா, வார்டு மெம்பருக்கான ஓட்டுச்சீட்டுகூட வெள்ளைதான் என்றாள். எனக்கு அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. அத்தை பதினொரு ஓட்டில் ஜெயித்தாள். மாமா சைக்கிள் கடைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினார். ஜெயித்தது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெருந்தன்மையாக அதை வெளியில் சொல்லவில்லை.

பதவி ஏற்கிற நாள் காலையில்தான் சண்டை வந்தது. அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அகராதியை எடுத்து என் மடியில் போட்டாள். அடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். அறை முழுக்க ரசகற்பூர வாசனை. உள்ளே ஒரு புடவை இருந்தது. நல்ல இலைப்பச்சை, மாம்பழ நிறத்தில் கரை. மடிப்பு வெடித்துவிடுமோ என்று பயந்து பயந்து அம்மா அதை உதறினாள். கட்டி முடித்து, கொசுவத்தைச் சரிசெய்யக் குனிந்த அம்மாவின் தோள் குலுங்கியது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அத்தை, பச்சை கட்டக்கூடாது! வெள்ளைதான் கட்டணும், லத்தீன்ல அப்படித்தான் கீது!"

அத்தை கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் மடிப்பை நீவிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அது நிக்கறவங்களுக்குடி. நான்தான் ஜெயிச்சிட்டேனே. மெம்பருக்கு இன்னா கலருன்னு வாத்தியார் எழுதிக்கீறாரா, பாரு."

நான் பக்கங்களைக் கிழியக் கிழியப் புரட்டினேன். அதற்குள் மணி எட்டாகிவிட்டது. அப்பா கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரைக் கண்டதும் அத்தையின் கால் பழக்கத்தில் புழக்கடைப் பக்கம் திரும்பியது.

"அக்கா, எங்க போற? நீ முன்ன போ. நான் பின்னால வர்றேன்" என்றார் அப்பா.

அத்தை முன்வாசல் வழியாக இறங்கிப் போனாள். பின்னால் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பின்னால் மாமா, அம்மா, பால்காரம்மா, தெருப் பெண்கள். நான் மட்டும் கோபத்தில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்தப் பக்கம் அகப்பட்டது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "மெம்பர், லத்தீன். உடம்பின் உறுப்பு என்று பொருள். தமிழிலும் அப்படியே, உறுப்பினர்." அவ்வளவுதான். கலர் எதுவும் எழுதியிருக்கவில்லை. வாத்தியார் இவ்வளவு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டாரே என்று அவர்மேலும் கோபம் வந்தது.

புடவை சுற்றியிருந்த நியூஸ் பேப்பர் தரையில் கிடந்தது. பழுத்து மஞ்சளாகி, மடித்த இடமெல்லாம் நொறுங்கும் பேப்பர். நான் எதையும் வீணாக்கமாட்டேன். நொறுங்காத பாகமாகப் பார்த்து எடுத்து, சோற்றுப் பருக்கை தேய்த்து, அகராதிக்கு அழகாக அட்டை போட்டேன். அட்டையின் மூலையில் தேதி இருந்தது, அத்தை டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்த வருடத்துத் தேதி. அதன்மேல் என் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டு, அத்தையைப் பார்க்கப் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினேன்.